எடிட்டரை மூடும் ஒரு வரி

நிரல் எழுதுகிறவர்கள் நாளெல்லாம் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் எடிட்டர். அதில் எழுதிய ஸ்கிரிப்டை அதற்குள்ளேயே ஓடவிட்டு, வேலை முடிந்ததும் அந்த ஸ்கிரிப்டே எடிட்டரையும் மூடிவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றுகிறது. ஒரு வரியில் முடிகிற காரியம்தான். ஆனால் எடிட்டரை மூடச் சொல்லிக் கேட்கலாம், கேட்காமல் கொல்லக் கூடாது என்பது என் கட்சி. லினக்ஸில் இதற்கு உள்ள கட்டளை கில். சிக்னல் எண் எதுவும் தராவிட்டால் அது மூடச் சொல்லிக் கேட்கும் 15ஆம் எண் சிக்னலை அனுப்பும். 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் எடிட்டர் அதைப் பெற்றதும், திரையில் இருப்பதையெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்பில் பத்திரப்படுத்திவிட்டு வெளியேறுகிறது. 9ஆம் எண்ணை அனுப்பினால் விம்முக்குத் தகவலே போகாது. இயங்குதளம் அதை அந்த நொடியே நிறுத்திவிடும். விண்டோஸின் டாஸ்க்கில் என்ற கட்டளையிலும் இதே கதைதான். வெறுமனே கொடுத்தால், சேமிக்கவா என்று எடிட்டர் கேட்க வழியுண்டு. எஃப் என்ற எழுத்தைச் சேர்த்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

எடிட்டர்கள்தான் தாமாகவே சேமித்துக்கொள்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஓரளவுக்கு. விம் வழக்கமாக 200 எழுத்துகள் சேர்ந்தால், அல்லது தட்டச்சு 4 வினாடி நின்றால் தற்காலிகக் கோப்பில் எழுதும். இடையில் 9 வந்து விழுந்தால் கடைசி நாலைந்து வரிகள் போய்விடும். அரைமணி நேரம் யோசித்துக் கண்ட திருத்தம் அந்த வரிகளுக்குள் இருக்கலாம். சேமிக்காத எழுத்து எழுதியவருடையது. அதை அழிக்கும் உரிமை ஸ்கிரிப்டுக்கு இல்லை.

எடிட்டர் உறைந்துபோய்ப் பதிலே சொல்லாவிட்டால்? இது நியாயமான கேள்வி. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: முதலில் 15, பிறகு வழக்கமாக 90 வினாடி பொறுமை, அதற்கும் அசையாவிட்டால்தான் 9. நம் ஸ்கிரிப்டுக்கும் இந்த வரிசையே போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த எடிட்டரின் பிள்ளை. தாய் மூடப்பட்டால் டெர்மினல் அறுந்து, பிள்ளையும் பெரும்பாலும் கூடவே நின்றுவிடும். ஆகவே முடிவுகளைக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பையும் மூடிய பிறகே எடிட்டரை மூடும் வரி வர வேண்டும். அதற்குக் கீழே, வேலை முடிந்தது என்று மின்னஞ்சல் அனுப்பும் வரியை வைத்தால் அந்த மின்னஞ்சல் போகாமலே போகலாம்.