பாதத்தை அழுத்தும் முன்

(செம்மேட்டில் நடந்த குழுப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் இரண்டு குழுக்களில் ஒரே கேள்வி வந்தது. "மேடம், சந்தையில முள்ளு முள்ளா இருக்கிற செருப்பு விக்கிறாங்க. போட்டு நடந்தா கால் வலி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் போயிடுமாம். உள்கடன் எடுத்து வாங்கலாமா?" அதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேச வந்தேன்.

இந்த முறைக்கு ரிஃப்ளெக்ஸாலஜி என்று பெயர். பாதத்தின் ஒவ்வொரு இடமும் உடம்பின் ஓர் உறுப்போடு சேர்ந்தது, அங்கே அழுத்தினால் அந்த உறுப்பு சரியாகும் என்பது அவர்கள் சொல்வது. நம்ம பாட்டி வைத்தியம்னு பல பேர் நினைக்கிறாங்க. ஆனால் இன்று கடைகளில் மாட்டியிருக்கும் பாதப் படம், 1930களில் அமெரிக்காவில் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி வகுத்த முறையிலிருந்து வந்தது. 2009இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோது, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்ப பலனே இல்லையா? இருக்குங்க. மிளகு பறிச்சு, விறகு சுமந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வந்த காலை ஒருத்தர் பத்து நிமிஷம் பிடிச்சுவிட்டா அலுப்புத் தீரும், தூக்கம் வரும், வலியும் கொஞ்ச நேரம் குறையும். அதுக்குக் கடன் எதுக்கு? வீட்டிலேயே செஞ்சுக்கலாம். (மருமகள்தான் பிடிச்சுவிடணும்னு சட்டம் இல்லை. மருமகள் காலும் வலிக்கும்.) காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுருக்குன்னு வலிக்குதா? தினமும் கெண்டைக்கால் தசையை நீட்டிப் பயிற்சி செய்யுங்கள். ஒரு பாட்டிலைக் கீழே போட்டுப் பாதத்தால் உருட்டுங்கள். குறைய மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேணும்.

இனி என் வீட்டுக் கதை. எங்க அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நான் ஒரு பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டு வந்து, மரக்குச்சியால் தினமும் அம்மா பாதத்தில் அழுத்தினேன். "வலிக்குதாம்மா?" என்றால், "இல்லடி, சுகமா இருக்கு" என்பார். வேலை செய்யுதுன்னு எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் பார்த்தால் கட்டைவிரலுக்கு அடியில் தோல் உரிந்து புண். அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி போயிருக்கு. சமூகப்பணி படிச்ச எனக்கும் அது புரியலை. புண் ஆற இரண்டு மாதம் கட்டுப் போட்டோம். விரல் தப்பியது.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்ததும் இதுதான். அவர்களின் விரல்கள் தானாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் அழிந்தன. சர்க்கரைக்காரர் காலுக்கும் அதே கதி வரலாம். அதனால்தான் அவர்களுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்கிறார்கள். முள் செருப்பு அதற்கு நேர் எதிர்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். படுத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் விரலால் லேசாக, ஒரு விநாடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் காலில் கட்டையும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும் பிடித்துவிடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போகணும். புண், எலும்பு முறிவு உள்ள காலும் அப்படித்தான். கர்ப்பிணிகள் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

உள்கடன் கொடுப்பது குழுவின் முடிவு. என்னைக் கேட்டால், அந்தச் செருப்புக்குக் கொடுக்க வேண்டாம். இங்கே செம்மேடு அரசு மருத்துவமனையில் சர்க்கரை பார்க்கக் காசு இல்லை.

டீ வருவதற்குள் சர்க்கரை உள்ளவங்க முன்னால வாங்க, விரலைத் தொட்டுப் பார்த்துடலாம்.