கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் கதை

வீட்டில் பிள்ளைகள் வைத்து விளையாடும் சின்னக் கார் ஒன்று கட்டிலுக்கு அடியிலோ நாற்காலிக்கு அடியிலோ கட்டாயம் கிடக்கும். அதை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். 'ஹாட் வீல்ஸ்' கார் என்றால் அடிப்பாகத்தில் பெரும்பாலும் இரண்டு நாடுகளில் ஒன்றின் பெயர் இருக்கும்: ஒன்று தாய்லாந்து, மற்றொன்று மலேசியா. மலேசியா என்றிருந்தால், அது மாக் மண்டினிலிருந்து அதிகத் தொலைவில்லாத பிறையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968-ல் 16 வகைக் கார்களுடன் ஹாட் வீல்சைத் தொடங்கியது. 1980களில் பிறையில் அதன் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இங்கிருந்து கப்பலேறிய கார்கள் உலகெங்கும் போயின. அமெரிக்காவில் ஒரு தாத்தா தம் பேரனுக்கு ஆசையாக வாங்கித் தரும் கார், நம் பக்கத்துத் தாமானில் குடியிருக்கும் ஒரு பெண்மணியின் கைபட்டு வந்ததாக இருக்கலாம். தோட்டப்புறங்களிலிருந்து வெளியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குப் பட்டர்வொர்த், பிறை வட்டாரத் தொழிற்சாலைகள்தான் சோறு போட்டன. ஆனால் நம் பிள்ளைகளைக் கேட்டால், "பொம்மைக் காரா? அமெரிக்காவிலே செய்வாங்க" என்பார்கள்!

காரின் அடியில் ஓர் ஆண்டும் பொறித்திருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அது கார் தயாரான ஆண்டு அல்ல. அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சில் இருபது ஆண்டுகள் கழித்து வார்த்தாலும் பழைய ஆண்டே இருக்கும். பார்பி பொம்மையிலும் இதே கதைதான். முதுகுப்புறம் 1966 என்றிருக்கும். ஆனால் பொம்மை 1990களில் செய்யப்பட்டதாக இருக்கும். அப்படி 1966 என்ற எண்ணோடு 'மலேசியா' என்று பொறித்த பார்பிகளும் உண்டு. பழைய பொருள் என்று சொல்லி யாராவது நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்டால், அந்த எண்ணை நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பார்பி 1959-ல் வந்தது. அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் தம் மகள் பார்பராவின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு வந்த ஆண் பொம்மைக்கு மகன் கென்னத்தின் பெயர். கடையில் ஜோடியாக விற்கும் இருவரும் நிஜத்தில் அக்காள் தம்பி! ஹாட் வீல்சைக் கொண்டு வந்தவர் ரூத்தின் கணவர் எலியட்.

தீப்பெட்டி அளவுக் காரின் பிறப்பும் வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டு வரலாம். மகளுக்காகத் தந்தை ஒரு குட்டிச் சாலை உருளை இயந்திரம் செய்து கொடுத்தார். அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' பிறந்தது. 1997-ல் அதையும் மேட்டல் வாங்கிவிட்டது.

இந்தக் கார்களின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. ஏறத்தாழ 400 பாகையில் உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். ஆறியதும் சாயம், பிறகு மென்மையான ரப்பர் போன்ற திண்டால் ஒற்றி எடுக்கும் கோடுகளும் எழுத்துகளும். கடைசியில் அடித்தகட்டைப் பொருத்தித் தறைந்துவிடுகிறார்கள்.

சாயம் என்றதும் பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2007 ஆகஸ்டில், 'கார்ஸ்' திரைப்படத்தில் வரும் 'சார்ஜ்' என்ற குட்டி ஜீப்பை மேட்டல் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. உலக அளவில் ஏறக்குறைய 436,000 ஜீப்புகள். சீனாவில் செய்யப்பட்ட அவற்றின் சாயத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பவர்கள். ஈயம் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பாசார் மாலாமில் பெயரும் ஊரும் இல்லாமல் குவித்து விற்கும் பொம்மைகளை என்னவென்று சொல்வது? மலேசியாவில் விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கென 2009-ல் விதிகள் வந்தன. அட்டையில் 'எம்.சி.' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் கழன்று வரக்கூடிய சக்கரங்களைக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துவிடும்.

சக்கரம் வைத்த விளையாட்டுப் பொருள் நமக்குப் புதிதும் அல்ல. சங்க நூலான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை இல்லாத மூன்று சக்கரத் தேரை உருட்டுகிறார்கள். உலர வைத்த உணவைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் காதணி தேரின் வழியை மறிக்கிறது! பிள்ளைத்தமிழிலும் ஆண் குழந்தைக்குரிய கடைசிப் பருவம் சிறுதேர்தான். சிந்துவெளியில் தோண்டியபோது சுடுமண் மாட்டுவண்டிகள் கிடைத்தன. இதைவிட வியப்பு மெக்சிகோவில். அங்கே பழங்கால மக்கள் மண் விலங்குகளுக்குச் சக்கரம் பூட்டினார்கள். ஆனால் சுமை இழுக்க ஒரு வண்டிகூடச் செய்யவில்லை. பெரியவர்கள் பயன்படுத்தாத சக்கரம், பொம்மையில் மட்டும் ஓடியது.

அதே பட்டினப்பாலை, சோழர் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடும்போது காழகத்துச் செல்வத்தையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. மாக் மண்டின் இருக்கும் செபராங் பிறையும் 1800 வரை கெடா சுல்தானின் மண்ணாகத்தான் இருந்தது. அன்று சிறுவர்கள் தேர் உருட்டிய பட்டினத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து சரக்குப் போனது. பின்னாளில் இங்கிருந்து கப்பலில் போனவை சிறுதேர்களே.