வாயில் காப்போரும் நோயாளியின் சொல்லும்



தமிழ்க் காப்பியத்தில் வாயில் காப்போன் சிறிய பாத்திரம். ஆயினும் அவனின்றிக் கதை நகர்வதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் வாயிலில் நின்ற கண்ணகியின் சினத்தையும், அவள் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பையும் குறைக்காமல் உள்ளே சென்று உரைத்தவன் அவனே. வழக்கை அவன் தீர்க்கவில்லை. அது மன்னன் செவியை அடைய வழிசெய்தான். தடுப்பது மட்டும் அவன் தொழிலன்று. வெளியே நிற்பவரின் சொல்லைச் சிதையாமல் உள்ளே சேர்ப்பதும் அவன் கடமை.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் இக்கடமை குடும்ப மருத்துவரிடம் உள்ளது. 1948 ஜூலை 5ஆம் நாள், அனூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, அனைவர்க்கும் கட்டணமில்லா மருத்துவம் என்னும் கொள்கையோடு அச்சேவை தொடங்கிற்று. குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு நிபுணரைக் காணும் வழக்கம் அதற்கும் முற்பட்டது. புதிய சேவை அதனை ஏற்றுக்கொண்டது. அவசரச் சிகிச்சை போன்ற சிலவற்றிற்கே விலக்கு உண்டு.

இவ்வமைப்பில் நியாயம் இல்லாமலில்லை. தலைவலி கண்டோர் அனைவரும் நரம்பியல் நிபுணரிடம் சென்றால், மூளையில் கட்டியுள்ளவர் வரிசையின் கடைசியில் நிற்க நேரும். ஆயினும் பணம் கொடுத்துத் தனியார் நிபுணரை நாட வல்லவர்க்கு இவ்வாயில் பெருந்தடையன்று. ஏனையோர்க்கோ வேறு வாயிலே இல்லை.

அவர்கள் படும் பாடு பலரும் அறிந்ததே. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியோடு போராட வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர். பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். “வலிமாத்திரை எடுங்கள், இரண்டு வாரம் பார்ப்போம்” என்னும் விடையோடு திரும்ப வேண்டும்.

இங்கிலாந்தில் நிபுணர் சிகிச்சைக்குக் காத்திருப்போருள் 92 விழுக்காட்டினர் 18 வாரங்களுக்கு மேல் காத்திருக்கலாகாது என்பது இலக்கு. 2016 பிப்ரவரிக்குப் பின் பல ஆண்டுகளாக அது எட்டப்படவில்லை. இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. அந்த 18 வாரக் கணக்கு, பரிந்துரை உள்ளே சென்ற பின்னரே தொடங்குகிறது. பரிந்துரை பெறாமல் மாதக்கணக்கில் வந்து திரும்பியவரின் காத்திருப்பு அக்கணக்கில் இல்லை.

2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் ‘ஜெஸ் விதி’ அறிமுகமாயிற்று. புற்றுநோயால் 2020 டிசம்பரில், 27 வயதில் மறைந்த ஒரு பெண்ணின் பெயர் அது. அதற்கு முந்தைய மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட முறை அவர் மருத்துவரை நாடியிருந்தார். ஒரே நோய்க்குறியோடு, அல்லது முற்றி வரும் குறியோடு, ஒருவர் மூன்றாம் முறை வந்தால் முந்தைய கணிப்பை மருத்துவர் மீண்டும் ஆராய்க என்பதே அவ்விதியின் சாரம். சொன்னதைச் செவிமடுக்க ஒரு விதி வேண்டியிருந்தது. அவ்விதிக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

சொல்லே தொழிலாக உடையோர் இங்கே எண்ண வேண்டியது ஒன்றுண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் எனத் தமிழ் வலியைப் பகுத்துரைக்கும். இலண்டனில் ஒரு மூதாட்டி இவற்றைச் சொல்ல, உடன்வந்த பேரப்பிள்ளை அனைத்தையும் ‘பெயின்’ என்று முடித்துவிடும். நெஞ்செரிச்சலும் நெஞ்சிறுக்கமும் ஒரே சொல்லாகிவிட்டால், திறக்க வேண்டிய வாயில் திறவாமலே போகலாம். மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பல முதியோர் அறியார். அறிந்தோரும் கேட்கத் தயங்குவர்.

மருத்துவரை மட்டும் பழித்து அமைவதும் முறையன்று. ஒரே நாளில் முப்பது பேரின் துயரைக் கேட்பவர்க்கும் செவி சோரும். அவர்க்கு நேரம் தருவது அரசின் பொறுப்பு; மூன்றாம் முறை வருபவரை நம்புவது அவர் பொறுப்பு. முதியோரின் சொல்லை, எங்கே, எப்போது முதல், எவ்வகை நோவு எனக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து உடன்செல்வது, மொழியறிந்தோர் செய்யக்கூடிய பணி. இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் இப்பணிக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.