வரப்பில் ஆள் நிற்காத வயல்

(மயிலாப்பூரில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்ன பேசப்போகிறேன் என்று சொன்னதும் சில தோழர்கள் சிரித்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் நில உரிமை பற்றி ஆய்வு செய்கிற ஒருத்தி வீடியோ கேம் பற்றிப் பேச வருகிறாளே என்று. சிரித்தவர்களில் இரண்டு பேராவது தங்கள் போனில் 'ஹே டே' வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கூச்சமில்லாமல் ஆரம்பிக்கிறேன்.

நான் விளையாடுவது 'ஸ்டார்டியூ வேலி'. மந்தைவெளியில் ஒரு சின்ன அறையில் குடியிருக்கிறேன். ஆய்வேட்டு அத்தியாயம் நகராத இரவுகளில், பதினொரு மணிக்கு மேல் அதைத் திறப்பேன். தண்ணீர் பாய்ச்சுவேன், கல்லைப் பொறுக்குவேன், மாட்டுக்குப் புல் வைப்பேன். மணி இரண்டாகிவிடும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை விவசாய வேலையிலிருந்து தப்பிக்கப் பாடுபட்டது. நான் படித்து மேலே வந்ததே அதற்காகத்தான். அப்படியிருக்க, நள்ளிரவில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொம்மை வயலில் நான் ஏன் களை பறிக்கிறேன்? இந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தேவைப்பட்டது.

முதலில், விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1996இல் ஜப்பானில் 'ஹார்வெஸ்ட் மூன்' வந்தது. அதை உருவாக்கிய யசுஹிரோ வாடா கிராமப்புறத்தில் வளர்ந்து, தோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர். சண்டை, துப்பாக்கி இல்லாமல் ஒரு விளையாட்டு செய்யலாம் என்று காட்டினார். 2009இல் ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' வந்தது. அடுத்த ஆண்டே மாதம் 8 கோடிப் பேருக்கு மேல் அதில் விவசாயம் செய்தார்கள். 2012இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றின் 'ஹே டே'. 2016இல் 'ஸ்டார்டியூ வேலி'. அதை எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலரை ஆண்டுகள் உட்கார்ந்து செய்தார். கணினி அறிவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், அரங்கம் ஒன்றில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்துக்கொண்டே செய்தார். இன்று 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

கதை எளிமையானது. சாகப்போகிற தாத்தா ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார், வாழ்க்கை பாரமாகும்போது திற என்று. நீங்கள் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நசுங்குகிறீர்கள். ஒருநாள் கடிதத்தைத் திறக்கிறீர்கள். உள்ளே நிலப் பத்திரம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்கள். ஊர்த் தலைவர் 15 விதைகள் கொடுக்கிறார். விளையாட்டு ஆரம்பம்.

முதல் காட்சியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். என் தாத்தாவும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போனார். அது கடன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆயாவிடம் மடிக்கணினியைக் காட்டினேன். அது ஐம்பது வருடம் நடவு நட்ட கை. மதுராந்தகம் பக்கத்தில் அது கால் வைக்காத கழனி இல்லை. அதில் ஒரு சென்ட் கூட அதன் பெயரில் இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"யார் ஊட்டு நெலம் இது?"

"என்னுதுதான் ஆயா."

"பட்டா கீதா?"

"கீது ஆயா. தாத்தா எழுதி வெச்சிட்டுப் போயிட்டாரு."

"கூலி எவ்ளோ?"

"கூலி இல்ல ஆயா. வெளைஞ்சது எல்லாம் எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டது: "வரப்புல ஆளு யாரும் நிக்கிலியா?"

தோழர்களே, நான் தேடிக்கொண்டிருந்த பதிலை ஆயா கேள்வியாகக் கேட்டுவிட்டது. அந்த வயலின் வரப்பில் யாரும் குடை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. குனிந்த முதுகை நிமிர்த்தினால் அதட்டுகிற குரல் இல்லை. தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றுகிற ஆள் இல்லை. களைத்துப் போனால் நீங்களே வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். பார்ஸ்னிப் என்றொரு கிழங்கு. விதை 20 காசு, நாலு நாளில் விளையும், விற்றால் 35. அந்த விலை எந்தப் பருவத்திலும் சரியாது. 2023 ஜூலையில் இதே சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். விலை சரிந்து தக்காளியைச் சாலையில் கொட்டும் வருடங்களையும் பார்த்திருக்கிறோம். இந்த இரண்டில் எது நடந்தாலும் பறித்த கைக்குக் கூலி அதேதான்.

ஆகவே இந்த விளையாட்டின் கவர்ச்சி கிராமம் அல்ல என்பது என் முதல் கருத்து. உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் யாரும் இல்லாத நிலைதான் அதன் கவர்ச்சி. ஐ.டி. கம்பெனியில் தன் வேலை யாருக்குப் போகிறது என்று தெரியாத பெண்ணுக்கும், ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப்போடுகிற பையனுக்கும் அதனால்தான் அது பிடிக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் போட வேண்டியிருந்ததே 2021இல்தான். தி.நகர் துணிக்கடையில் வேலை செய்யும் என் சித்தி மகன் இரவில் விடுதிக்கு வந்ததும் 'ஹே டே'யில் கோதுமை அறுக்கிறான். "அக்கா, அதுலதான் நான் மொதலாளி" என்கிறான்.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

விளையாட்டின் அந்தக் கிராமத்தில் கூலிக்காரர்கள் வசிக்கும் தெரு இல்லை. ஊர் உண்டு, சேரி இல்லை. உங்கள் பண்ணை பெரிதாகி, ஒருவரால் அறுவடை செய்ய முடியாமல் போகும்போது என்ன செய்வீர்கள்? 'ஜூனிமோ' என்கிற குட்டி வனத்தேவதைகளுக்கு ஒரு குடிசை கட்டிக் கொடுக்கலாம். அவை வந்து அறுவடை செய்து வைத்துவிட்டுப் போகும். கூலி கேட்காது. பெயர் சொல்லாது. சங்கம் வைக்காது. உலகத்தின் எல்லா நிலவுடைமையாளர்களும் கண்ட கனவு இது. நம் மண்ணில் அந்தக் கனவு கலைந்தபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியைக் கூட்டிக் கேட்டதற்கும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததற்கும் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஊரில் நீங்கள் புதிதாக வருகிறீர்கள். யாரும் உங்கள் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று கேட்பதில்லை. வில்லி என்கிற மீனவர் ஒரு தூண்டிலைப் பரிசாகக் கொடுக்கிறார். பிடித்த மீனோடு கடைத்தெருவில் நடக்கலாம், யார் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

நான் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீடு தேடிய கதை உங்களில் பலருக்கும் சொந்தக் கதை. "வெஜிடேரியன் ஒன்லி" என்று பலகை. அது சாப்பாட்டைப் பற்றிய பலகை இல்லை. ஒரு வீட்டில் நான் முட்டைகூடச் சமைக்க மாட்டேன் என்றேன். "அதுக்கில்லம்மா, நீங்க எந்தப் பக்கம்?" என்றார்கள். திசை கேட்பதுபோலச் சாதி கேட்கிற கலை இது. இந்த இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் நொச்சிக்குப்பம். 2023 ஏப்ரலில் லூப் சாலையோரம் இருந்த மீன்கடைகளை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் தானாக வழக்கெடுத்ததும் மாநகராட்சி அகற்றியது. சாலைக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் தங்கள் கடற்கரைக்காகச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. வில்லிக்கு அந்த ஊரில் கடற்கரையில் கடை இருக்கிறது. யாரும் அவரைப் பெரும்பாக்கத்துக்குப் போகச் சொல்லவில்லை.

இப்போது நம் காலத்தின் இன்னொரு கனவுக்கு வருகிறேன். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்கிற இளைஞர் பற்றிய காணொளிகளை எல்லோரும் பார்த்திருப்போம். செங்கல்பட்டுப் பக்கம் வார இறுதிப் பண்ணை என்று விளம்பரங்கள் வருகின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு 'விவசாயி' என்பது கிட்டத்தட்ட ஒரு தெய்வத்தின் பெயராகிவிட்டது. அந்தப் படத்தில் கலப்பையோடு நிற்பவர் நிலம் வைத்திருக்கிறவர். நடவு நடுகிற ஐம்பது பெண்கள் பின்னணிப் பச்சையில் கலந்துவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவசாயத்தில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள். 'விவசாயியைக் காப்போம்' என்று சொல்லும்போது இவர்கள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்களா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தின்மீது வைத்த விமர்சனத்தைக் கேட்டு அன்றைக்குப் பலர் கோபப்பட்டார்கள். கிராமம் என்பதே ஒழியவேண்டிய ஏற்பாடு என்று பெரியாரும் சொன்னார். இருவரும் மண்ணையோ மரத்தையோ மாட்டையோ வெறுத்துச் சொன்னதில்லை. வரப்பில் நிற்கிற ஆளைப் பற்றித்தான் சொன்னார்கள்.

ஒரு தோழர் கேட்கலாம்: "அப்படியென்றால் இந்த விளையாட்டு பொய்தானே? அதை ஏன் ஆடுகிறாய்?" பொய்தான். ஆனால் நம் ஆட்கள் அந்தப் பொய்யில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நில ஆவணங்களைப் புரட்டுகிற எனக்கு அது புதிய கனவாகத் தெரியவில்லை. அது 130 வருடப் பழைய மனு.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் ஓர் அறிக்கை எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்கள் ஏன் நிலமற்று இருக்கிறார்கள் என்று அதில் விளக்கினார். சும்மா கிடக்கும் தரிசைக்கூட அவர்கள் தரக்காஸ்து போட்டு வாங்க முடியாதபடி மிராசுதார்களுக்கு முன்னுரிமை இருந்தது. குடியிருக்கும் குடிசையின் அடிமனையே மிராசுதாருடையது. கூலி கேட்டால் மனையைக் காலி செய்யச் சொல்லலாம். அந்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். கல்லும் முள்ளுமான ஒரு தரிசு, கொஞ்சம் விதை, திருத்தினால் உனக்கே சொந்தம். 'ஸ்டார்டியூ'வின் முதல் நாள் அப்படியே இதுதான். தாத்தாவின் கடிதம் நமக்கும் எழுதப்பட்டது தோழர்களே. அதை வேறு யாரோ பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது புதிதாக எதையும் இல்லை. காகிதத்தில் ஏற்கெனவே கொடுக்கப்பட்டதை.

நிலத்தைத் திரும்பக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, காலம் கடந்துவிட்டது என்பார்கள். அவர்களைப் பாண்டி பஜாருக்கு அழைத்துப்போய் நிறுத்துங்கள். அவர்கள் காலுக்குக் கீழே ஓர் ஏரி இருந்தது. மாம்பலத்தையும் மயிலாப்பூரையும் ஒட்டிக் கிடந்த அந்த நீண்ட ஏரியை 1920களில் வற்றவைத்து, மனை பிரித்து, தெரு போட்டு, தியாகராய நகர் என்று பெயரும் வைத்தார்கள். அரசு நினைத்தால் சில ஆண்டுகளில் ஏரி நகரமாகிறது. 1892இல் கொடுத்த நிலம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. நேரம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது.

முடிக்கிறேன். விளையாடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இன்றிரவு நானும் விளையாடுவேன், பூசணி அறுவடைக்கு நிற்கிறது. 'ஸ்டார்டியூ'வில் எந்த இந்திய மொழியும் இல்லை. ஆனால் டொரோண்டோவில் ஒரு சிறு குழு 2023இல் 'வெண்பா' என்று ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை விளையாட்டாக்கிக் காட்டிவிட்டது. ஒரு நடவுப் பெண்ணின் கையிலிருந்து தொடங்கும் விளையாட்டை உங்களில் யாராவது செய்யலாம். அதில் வரப்பில் ஆள் நிற்கட்டும். அவரை எப்படி இறக்குவது என்பதுதான் ஆட்டமாக இருக்கட்டும்.

அதுவரை ஒரு சின்ன வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கிறது. பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண் சர்வே எண்ணாக ஒப்பிடுங்கள். நான் எங்கள் ஊருக்குச் செய்துகொண்டிருக்கிறேன். 1980களின் பதிவு மேம்பாட்டில் எந்தெந்தக் குறிப்புகள் காணாமல் போயின என்பது அப்போதுதான் தெரியும். விளையாட்டில் கல் பொறுக்குவதைவிடச் சலிப்பான வேலை. ஆனால் ஆயா "பட்டா கீதா?" என்று கேட்டது விளையாட்டு நிலத்தைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் கேள்விக்கு அது உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.