கணிதப் பாடமும் கடைமடையும்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொறியியலோ விஞ்ஞானமோ பயிலக் கலாசாலை புகும் நம் இளைஞர் பலர், முதற் பருவத்திலேயே கணிதத்திலும் பௌதிகத்திலும் தவறி, "நமக்கு மூளை போதாது" என்று மனம் ஒடிவதைக் காண்கின்றோம். தமிழில் பயின்று வந்தோர்க்கு ஆங்கிலப் பாடம் மேலும் மலைப்பைத் தருகின்றது. நிலத்தை அடகு வைத்துச் சம்பளம் கட்டிய தந்தைக்கோ அது தாங்கொணாத் துயரம். குறை மூளையில் அன்று, முறையிலேயே என்பதுதான் யாம் இன்று சொல்ல விழைவது.

கணிதத்தில் ஸ்ரீநிவாச ராமானுஜனை மிஞ்சிய மூளை எவர்க்குண்டு? அவர் 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கலாசாலையில் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. நீர் முழுவதையும் ஒரே வயலுக்குத் திருப்பினால் மற்றவை காயுமன்றோ?

1895 முதல் பெரியாற்று நீரைப் பெற்றுவரும் நமக்கு முறைப்பாசனம் புதிதன்று. நீர் குறைந்தால் சண்டையிடாமல் முறை வைத்துப் பாய்ச்சுகின்றோம். மாணவர் தம் பொழுதையும் அவ்வாறே பங்கிடல் வேண்டும்.

கணிதத்திற்கு நாள்தோறும் முறை உண்டு. வகையீடு அறியாதவர் தொகையீட்டில் திகைப்பர். இரண்டும் அறியாதவர்க்கு மின்காந்தவியல் விளங்காது. தலைமடையில் உடைப்பு நேர்ந்தால் கடைமடை காய்வது போலத்தான் இதுவும். கணக்கைக் கண்ணால் வாசித்தல் பயனற்றது. புத்தகத்தை மூடிவிட்டுக் கையால் போட்டுப் பார்த்தல் வேண்டும். சோதனைச்சாலைக் குறிப்பை அன்றிரவே எழுதி முடிக்க வேண்டும்; வாரக்கடைசிக்கு ஒத்திவைத்தால் அது கணிதத்தின் முறையை விழுங்கிவிடும். ஐயம் தோன்றிய வாரத்திலேயே ஆசிரியரை அணுகுவதில் வெட்கம் வேண்டாம். மூவர் நால்வர் கூடி, ஒருவர்க்கொருவர் தமிழில் விளக்கிப் பின் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுக. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தேனிக்குப் பஸ்ஸில் சென்று மீள்வோர் சூத்திரங்களை வழியிலேயே நினைவுபடுத்தலாம். கணக்குப் போட வீட்டில் அமைதியான ஒரு மணி நேரமாவது வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தை அளிப்பது பெற்றோர் கடமை. பரீட்சைக் காலத்தில் கலியாணத்திற்கும் காதுகுத்துக்கும் தோட்ட வேலைக்கும் பிள்ளைகளை அழையாதீர். பெண்மக்களுக்கு அடுப்படி வேலையைக் குறைத்துக் கொடுங்கள். அவர்கள் எழுதுவதும் அதே பரீட்சைதான்.

ஒரு பாடம் 'அரியர்' ஆனால் வசை பாடாதீர். பரீட்சையில் தவறிய ராமானுஜனை நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவித் தாங்கினார். 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் அளித்தது. 1918-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. தாங்குவார் இல்லாதிருந்தால் அம்மேதை எங்கே போயிருப்பார்?

ஆதலின், முன்னே பயின்று தேறிய நம்மவர் ஒவ்வொருவரும், விடுமுறையில் ஊர் வரும்போது, புதிதாகப் புகுந்த ஒரு மாணவர்க்கேனும் கணிதம் சொல்லிக் கொடுக்க வேண்டுகின்றோம். கடைமடை வயலும் விளைந்தாலன்றோ ஊர் விளைந்ததாகும்!