சத்திரசிகிச்சை யாருக்கு?

உடற்பருமன் மிகுந்தோர்க்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வேர்ட் மேசன் என்னும் வைத்தியர் அதன் ஒரு வகையைத் தொடங்கினார். அது யாருக்குப் பொருந்தும்?

முதலிற் பார்க்கப்படுவது உடற்றிணிவுச் சுட்டி. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணொருத்தி 90 கிலோகிராம் நிறையாயின் அவளது சுட்டி 35. 1991இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று 40ஐயும், நீரிழிவு போன்ற நோயுடையோர்க்கு 35ஐயும் எல்லையாக வகுத்தது. 2022இல் வெளிவந்த நெறிமுறை நோயில்லாதோர்க்கும் 35 போதுமென்றது. ஆசிய மக்களைக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு பற்றிக்கொள்வதால், அவர்களுக்கு எல்லை 27.5.

ஆனால், எண்ணை மாத்திரம் கொண்டு முடிவுசெய்தல் தவறு. இன்று பெரிதும் செய்யப்படும் ஒரு முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 வீதம் வெட்டி நீக்கப்படுகின்றது. நீக்கியதை மீண்டும் பொருத்த இயலாது. பின்னர் உணவு சிறிது சிறிதாகவே செல்லும். இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். இரத்தப் பரிசோதனையும் தவறலாகாது. பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண் ஓராண்டேனும் பொறுத்திருத்தல் நன்று. புகைப்பவர் முன்னரே அதை விட்டாகவேண்டும். துயரம் வந்தபோதெல்லாம் உண்டு ஆறுதல் பெறுபவர்க்கு மனநல வைத்தியரின் துணை முதலில் வேண்டும்.

எத்தனை கிலோ குறையவேண்டும் என்று கேட்கும் வைத்தியரிலும், வீட்டிலே சமைப்பவர் யார், மருந்து வாங்க வசதி உண்டா என்று கேட்பவரே நோயாளியை அறிந்தவர். அவற்றைக் கேட்டு, ‘ஆறு மாதம் பொறுத்து வருகிறேன்’ என்று எழுந்து செல்வோரும் உளர். அவர்களுக்கு உணவுமுறையும் மருந்தும் அதுவரை தொடரும்.