சுரண்டிய தூள் போகுமிடம்



கமக்காரர் நிறைந்த சபையிலே கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். பயிரிலிருந்தே தொடங்குகிறேன். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளிக்கிறோமே, அந்தப் போர்டோக் கலவை 1880களில் பிரான்சின் போர்டோ நகரை அண்டிய திராட்சைத் தோட்டங்களிலே பிறந்தது. அங்கே பூஞ்சணத்தைக் கொன்ற செம்புதான் படகின் அடிப்பூச்சிலும் கலக்கப்படுகிறது. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கும் பொருட்டு அப்பூச்சு நஞ்சைச் சிறிது சிறிதாக நீரிலே கசியவிடும். கசிவதே அதன் தொழில்.

அதே போர்டோவுக்குத் தென்மேற்கே ஆர்க்கசோன் என்னும் குடா இருக்கிறது. சிப்பி வளர்த்துப் பிழைப்போர் அங்கே அநேகர். 1970களில் அக்குடாவில் உல்லாசப் படகுகள் மலிந்தன. அவற்றின் பூச்சிலே செம்பினும் கொடியதான ஒரு வெள்ளீயச் சேர்வை இருந்தது. விளைவு யாது? 1977 முதல் 1981 வரை சிப்பிக் குஞ்சுகள் பிடிக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ தடித்து உருண்டு, விலைபோகா வண்ணம் கெட்டன. ஒருவருடைய பொழுதுபோக்குக்காக மற்றொருவருடைய உலை அவிவது நியாயமாகுமா? 1982 ஜனவரியில் பிரெஞ்சு அரசாங்கம் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் அப்பூச்சைத் தடைசெய்தது. அவ்வாண்டே குஞ்சுகள் மீண்டும் பிடித்தன. உலகக் கப்பல்களுக்கான உடன்படிக்கையோ 2001இல் எழுதப்பட்டு, 2008இலேதான் நடைமுறைக்கு வந்தது!

வெள்ளீயம் விலகிய இடத்திலே செம்பும் நாகமும் நிலைத்துவிட்டன. என் முறைப்பாடு இனித்தான் வருகிறது. கடையில் விற்கும் பூச்சைப் பரிசோதிப்பது எளிது. கரையேற்றிய படகைச் சுரண்டுபவனின் காலடியைப் பார்ப்பவர் யார்? அங்கே உதிரும் தூளில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேலும் செம்பு இருக்கக்கூடும். பொடியாகப் பொடியாக அது விரைந்து கசியும். மழை அதனைத் துறைமுகச் சேற்றிலே சேர்க்க, சேற்றைத் தின்னும் புழு அதனையும் தின்னும். பழைய படகாயின், உள்ளடுக்கிலே மறைந்திருந்த வெள்ளீயமும் அத்துடன் உதிரும். காற்றுப்புகாத சேற்றிலே அது பல்லாண்டுகள் அழியாது கிடக்கும்.

ஆகவே, படகுத்துறை நடத்துவோர் சுரண்டுமுன் கீழே படங்கு விரிக்க வேண்டும். தூளைக் கூட்டி அள்ளி, நச்சுக்கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். கழுவிய நீரைத் தொட்டியிலே தேக்க வேண்டும். செலவு படகுடையோரைச் சாரட்டும். அத்தூளைச் சுவாசிக்கும் கூலியாளின் சம்பளத்திலே கைவைக்கலாகாது.